ஒரு சைஸ் பெருசு

புறாவைச் சுடத் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக அல்லவா இருக்கிறது என்று கேட்டேன். வேல்குமாருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். செல்போனை எடுத்துத் தடவ ஆரம்பித்துவிடுவார். அன்று தடவியதில்தான் ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கி கிடைத்தது.

புறாக்கள் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. முதலிபாளையத்தில் எங்கள் பனியன் கம்பெனிக்கு உயரமான தகரக் கூரை. கூரையைத் தாங்கும் இரும்புக் கம்பிகளில் புறாக்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன. நாங்கள் தைப்பதோ கைக்குழந்தைகளுக்கான உடுப்பு, அதுவும் முழு வெள்ளை. வலை கட்டினோம், கிழித்துக்கொண்டு வந்தன. பழைய சி.டி.க்களைத் தொங்கவிட்டோம், அதில் முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. போன தடவை ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பெண் ஒரு பெட்டியைத் திறந்தாள். மேலாக இருந்த உடுப்பின் நெஞ்சில் பச்சையும் வெள்ளையுமாக எச்சம். அவள் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு முறை இப்படி நடந்தால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று அப்புறம் மெயில் வந்தது.

துப்பாக்கி வந்தது. மரக்கட்டை வைத்த, குழலை மடக்கி இழுக்கிற வகை. அதோடு நின்றிருக்கலாம். வெறும் கண்ணுக்குப் புறா பொடியாகத் தெரிகிறது, தொலைநோக்கி மாதிரி ஒரு ஸ்கோப் வேண்டும் என்றார். இருப்பதிலேயே பெரிய லென்ஸாகப் பார்த்து வாங்கினார், முன்பக்கம் டீ டம்ளர் வாய் அகலம். அதைத் துப்பாக்கியின் முதுகில் பிடித்து நிறுத்த இரண்டு ரிங் வேண்டும். அந்த ரிங்கில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கோயமுத்தூர்க் கடைக்காரரிடம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நான் பக்கத்தில் டேக் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரிங்ல லோ, மீடியம், ஹைன்னு மூணு உயரம் இருக்குதுங்க," என்றார் கடைக்காரர். "உங்க லென்ஸுக்கு லோ வெச்சா குழல்ல இடிக்கும். மீடியம் சரியா நிக்குமுங்க. லென்ஸுக்கும் குழலுக்கும் நடுவால ஒரு காகிதம் போய்ட்டு வந்தா போதும்."

"ஹை வெச்சா என்னங்க?"

"வேணாமுங்க. கன்னம் கட்டையில பதியாது, தலையத் தூக்கித் தூக்கிப் பாக்கோணும். அப்புறம் ஸ்கோப்பு எவ்வளவு மேல போகுதோ, குழல் அதுக்கு அவ்வளவு கீழ நிக்குமுங்க. கிட்டத்துல சுட்டா நீங்க பாக்கறது ஒரு எடம், குண்டு போறது ஒரு எடம்."

அவ்வளவு தெளிவாகச் சொன்னார் மனிதர். போனை வைத்ததும் இவர் என்னிடம் திரும்பினார்.

"மீடியமே வாங்கி இடிச்சுத் தொலைஞ்சா? ஹைய்யே சொல்லிர்றேன். ஒரு சைஸ் பெருசா இருந்தா யாரு கேக்கப் போறா?"

திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதைத் தவிர வேறு புத்தி வராது. இங்கே துணி துவைத்தால் சுருங்கும். அதனால் மார்பளவில் கொஞ்சம் கூட்டி வெட்டு, நீளத்தில் கொஞ்சம் கூட்டி வெட்டு. கூடினால் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ், குறைந்தால் ரிஜெக்ட். சின்ன வயதிலிருந்து இதையே கேட்டு வளர்ந்தவர். "இரும்பு சுருங்காதுங்க," என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கென்ன தெரியும்?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். கடைக்காரருக்குத் தெரியுமே.

ஹை ரிங் வந்தது. மாட்டிப் பார்த்தால் துப்பாக்கி மேல் ஸ்கோப், ஒட்டகத்தின் மேல் ஆள் ஏறினது மாதிரி நின்றது. கடைக்காரர் சொன்ன மாதிரியே கன்னம் கட்டையைத் தொடவில்லை. அப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கலாம். இவர் வெட்டுக் கழிவிலிருந்து பனியன் துணியைச் சுருட்டி எடுத்து, கட்டையின் மேல் தலையணை மாதிரி வைத்து, டேப் சுற்றினார். கன்னம் பதிந்தது. கம்பெனிக்குப் பின்னால் காலி இடத்தில் அட்டைப்பெட்டியை வெகு தூரத்தில் வைத்துச் சுட்டுச் சுட்டு, ஸ்கோப்பின் திருகைத் திருப்பி, குண்டும் குறியும் ஒன்று சேரும்வரை விடவில்லை. சேர்ந்ததும், ஆர்டர் பிடித்த மாதிரி முகத்தோடு வந்தார்.

"பாத்தியா? ஹை ரிங்குல என்ன தப்பு?"

நான் உள்ளே போய்விட்டேன்.  

அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் திங்கட்கிழமை. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் செக்கிங் ஆட்களை மட்டும் ஓவர்டைமுக்கு வரச் சொல்லியிருந்தோம். தைத்து வந்த ஒவ்வொரு உடுப்பையும் விரித்து, கறை, ஓட்டை, நூல் பிசிறு பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அதில் ரோஸ்மேரிதான் கெட்டிக்காரி. சாத்தான்குளம் பக்கத்துப் பெண். அண்ணன் அருள்குமாரோடு லைன் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள், அவன் வேறொரு கம்பெனியில் டெய்லர். மற்றவர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடுகிற பிசிறை அவள் போகிற போக்கில் பார்த்துவிடுவாள். அவள் பாஸ் செய்த பெட்டியை நான் மறுபடி பிரித்ததே இல்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

பதினோரு மணி டீக்கு எல்லோரையும் வெளியே அனுப்பினார் இவர். "புறா சுடப் போறேன், எல்லாரும் வெளிய போய்ட்டு வாங்க. நான் கூப்பிடற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது," என்று இரண்டு தடவை சொன்னார். கதவைப் பூட்டச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமை எவன் வரப் போறான்?" என்றார். பிறகு மேலே ஏறினார். கம்பெனிக்குள்ளேயே ஒரு ஓரத்தில் படியேறிப் போனால் எங்கள் ஆபீஸ். அதன் முன்னால் இரும்புக் குழாய் வைத்த கைப்பிடி. அங்கே நின்றால் கீழே ஹால் முழுக்கத் தெரியும், எதிரே கம்பியில் புறாக்கள் ஏறக்குறைய நம் கண் மட்டத்தில் இருக்கும்.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். நான் பின்னால் நின்றேன். ஒரு புறா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முருகா, தப்பிக்கட்டும் என்று நினைத்தேன். என் புருஷன் வைத்த குறி தப்பட்டும் என்று நானே வேண்டினேன்.

டப் என்று ஒரு சத்தம், கூடவே டிங் என்று ஒரு சத்தம். புறாக்கள் எல்லாம் ஒன்றாகப் பறந்தன. கீழேயிருந்து "யம்மா" என்று ஒரு குரல்.

எட்டிப் பார்த்தேன். செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ரோஸ்மேரி மண்டியிட்டிருந்தாள். ஒரு கையில் பெரிய பாலித்தீன் ஷீட். இன்னொரு கை முகத்தைப் பொத்தியிருந்தது. விரல் சந்தில் ரத்தம்.

அவள் எதற்காக உள்ளே வந்தாள் என்பதை அந்தப் பாலித்தீனே சொல்லிவிட்டது. அவள் பார்த்துப் பார்த்து அடுக்கிய வெள்ளை உடுப்பு மூடாமல் கிடந்தது. சுட்ட புறா மேலேயிருந்து விழுந்தால் ரத்தம் படும். அவ்வளவு பேர் டீ குடிக்கப் போனார்கள், இவளுக்கு மட்டும் அது தோன்றியிருக்கிறது. மூடிவிட்டுப் போகலாம் என்று பக்கவாட்டுக் கதவு வழியாக வந்திருக்கிறாள்.

"எதுத்தாப்புல ஒண்ணுமே இல்லியே அனு," என்றார் இவர். துப்பாக்கி இன்னும் கையில் இருந்தது. "பளிச்சுனு தெரிஞ்சுதே. புறா மட்டுந்தான் தெரிஞ்சுது."

பொய் சொல்லவில்லை. ஸ்கோப்பில் அப்படித்தான் தெரிந்திருக்கும். ஆனால் கைப்பிடிக் குழாயைப் பார்த்தேன். பச்சைப் பெயிண்டில் புதுசாக ஒரு கீறல், வெள்ளி மாதிரி மின்னியது. கண் பார்த்த கோடு குழாய்க்கு மேலே. குழல் வாய் இருந்ததோ அதற்கு மூன்று விரல் கீழே, குழாய்க்கு நேர் எதிரே. குண்டு இரும்பில் பட்டுத் தெறித்துக் கீழே இறங்கியிருக்கிறது.

படியிறங்கி ஓடினேன். அடுக்கிலிருந்து ஒரு குழந்தை உடுப்பை எடுத்து அவள் கண்மேல் வைத்தேன். அழுத்தாதே, அழுத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வலது கண். நான் கையை எடுக்கச் சொன்னபோது எடுத்தாள், நான் பார்த்தேன், உடனே மூடிவிட்டேன். அதை எழுத மாட்டேன்.

காரில் பின்சீட்டில் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். வண்டி பல்லடம் ரோட்டில் ஏறியதும் இவர் பேச ஆரம்பித்தார்.

"அம்மிணி ரோஸ்மேரி, இங்க பாரு கண்ணு. ஆஸ்பத்திரியில கேட்டா ஓவர்லாக் மிசின்ல ஊசி ஒடஞ்சு தெறிச்சுதுன்னு சொல்லோணும். துப்பாக்கின்னு சொன்னா போலீஸ் கேசு. கம்பெனியப் பூட்டிருவாங்க. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேற. அத்தன பேருத்து பொழப்பும் போயிரும். ஊசின்னா வேலையில ஆன அடி, ஈ.எஸ்.ஐ. இன்சூரன்ஸ்ல எல்லாமே நடக்கும். நான் இருக்கறேன், உன்னைய விட்டுர மாட்டேன்."

 அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவன் செய்கிற காரியம் கெட்டவன் செய்வதைவிட மோசமாக இருக்கும் என்பது எனக்கு அந்த ரோட்டில்தான் புரிந்தது.

ரோஸ்மேரி  பற்களைக் கடித்துக்கொண்டு மூச்சு விட்டாள்.

"சரிங்க மொதலாளி," என்றாள். "ஊசின்னே சொல்லுதேன். கண்ணு மட்டும் போயிரக் கூடாது. கண்ணு போச்சுன்னா செக்கிங் வேல யாரு குடுப்பா?"

நான் அவள் தலையைத் தடவினேன். வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். விளக்கை வைத்துப் பார்த்தார். ஊசி என்று இவர் சொன்னார். ரோஸ்மேரியும் தலையாட்டினாள்.

"எந்த மிசின்?" என்றார் டாக்டர்.

"ஓவர்லாக்குங்க."

"ஓவர்லாக் ஊசி மெலிசால்ல இருக்கும்? காயம் பெருசா இருக்கே." அவரும் இந்த ஊர்க்காரர். "சரி. ஒடஞ்ச ஊசியோட மிச்சம் எங்க? எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?"

திருப்பூரில் யாரிடமும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. ஒரு ஊசி உடைந்தால் மிசினை நிறுத்தி, ஒவ்வொரு துண்டையும் தேடியெடுத்து, காகிதத்தில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்போம். குழந்தை உடுப்பில் ஒரு துண்டு சிக்கிப் போய்விடக் கூடாது என்பதற்காக.

"ஸ்கேன்ல உள்ள ஏதோ இருக்குதுன்னு தெரியும்," என்றார் டாக்டர். "அது என்னன்னு நீங்கதான் சொல்லணும். ஸ்டீல்னா நானே காந்தம் வெச்சு எடுக்கப் பாப்பேன். வேற எதாச்சும்னா இங்க முடியாது, கோயமுத்தூருக்கு உடனே அனுப்பணும். மிச்சத் துண்டு வந்தா எவ்வளவு உள்ள போயிருக்குன்னு அளவு தெரியும்."

"கொண்டாரச் சொல்றனுங்க," என்றார் என் வீட்டுக்காரர். வராந்தாவுக்குப் போய் மெக்கானிக் பொன்னுச்சாமிக்குப் போன் செய்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது.

"பொன்னுச்சாமி, ஓவர்லாக் ஊசி ஒண்ண எடுத்து ஒடைங்க. ஆமா, நீங்களே ஒடைங்க. மொனைத் துண்ட வீசிருங்க. மிச்சத்த காகிதத்துல ஒட்டி எடுத்துட்டு வாங்க. ஏன்னு கேக்காதீங்க."

"என்னங்க இது?" என்றேன்.

"சித்த நேரம் பேசாம இரு அனு. எல்லாஞ் சரியாயிரும்."

ஸ்கேன் எடுத்தார்கள். பொன்னுச்சாமிக்காகக் காத்திருந்தோம். நான் ரோஸ்மேரி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மாதாவைக் கூப்பிட்டாள், நான் முருகனைக் கூப்பிட்டேன். இரண்டு பேரில் யாருக்கும் காது கேட்ட மாதிரி தெரியவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்களுக்கு எட்டு நாள் தேவையில்லை, பொன்னுச்சாமியின் வண்டி வந்து சேரும் நேரம் போதும் என்றிருந்தது.

பொன்னுச்சாமி வந்தார். வேலை சுத்தமான மனிதர். வெள்ளைக் காகிதத்தில் மிச்சத் துண்டை நேராக ஒட்டி, முனை இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, கம்பெனிப் பெயர், மிசின் நம்பர், தேதி எல்லாம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த மொனைதான் உள்ள இருக்குது. அப்படித்தானே?"

"ஆமாங்க," என்றார் இவர்.

"ஸ்கேன்ல உருண்டையாத் தெரியுது. வளைஞ்சிருக்கலாம். சரி, காந்தம் ரெடி பண்ணச் சொல்றேன்."

டாக்டர் எழுந்தார். ரோஸ்மேரி என்னைப் பார்த்தாள், இருக்கிற ஒற்றைக் கண்ணால். ஏதாவது சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. சும்மா பார்த்தாள்.

"ஊசி இல்லீங்க டாக்டர்," என்றேன். "ஏர்கன் குண்டு. ஈயம். எங்க ஊட்டுக்காரர் புறாவைச் சுட்டாருங்க. குழாயில பட்டுத் தெறிச்சிருச்சு."

 டாக்டர் என்னைத் திட்டவில்லை. காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "ஈயத்த காந்தம் இழுக்காதும்மா," என்றார் மெதுவாக. "நான் கண்ணத் தொறந்து உள்ள தேடிட்டே இருந்திருப்பேன்." பிறகு நர்ஸிடம் திரும்பி ஆம்புலன்ஸ் என்றார், போலீஸுக்கும் சொல்லணும் என்றார்.

"கெடுத்துட்டியே," என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அருள்குமார் வந்து சேர்ந்தபோது தங்கையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் ஏறப் போனேன். ரோஸ்மேரி கையைத் தூக்கி வேண்டாம் என்றாள். அவள் அண்ணன் ஏறினான், கதவைச் சாத்தினார்கள். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம், போலீஸ் வரும்வரை.

உண்மையைச் சொன்னதற்காக அவள் என் கையைப் பிடித்து அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன்.

போலீஸ் வந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். இவரைக் கூட்டிப்போய், ஜாமீனில் விட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் நடக்கவில்லை. கம்பெனி பூட்டிக் கிடந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போனார்கள். இவர் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. அதற்காக நான் சொன்னது தப்பாகிவிடுமா என்று சமைக்கும்போது, துணி துவைக்கும்போது எல்லாம் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் குண்டை எடுத்துவிட்டார்கள். கண் இருக்கும், பார்வை வராது என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் முயற்சி செய்திருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். அருள்குமார் போனில் சொன்னான், சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நான் பஸ் ஏறிப் போனேன். இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். தலையாட்டினார், நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. வார்டில் பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. ரோஸ்மேரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், ஒரு கண்ணில் கட்டு. நான் வாங்கிப்போன பழத்தை அருள்குமார் வாங்கிக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான்.

"வலிக்குதா கண்ணு?" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். துணியை விரித்துப் போட்டுப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"எக்கா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நான் ஊசின்னு சொன்னது என் வேலைக்காக. மொதலாளி சொன்னது கம்பெனிக்காக. கார்லயும் ஆஸ்பத்திரியிலயும் அவ்வளவு நேரம் என் கையப் புடிச்சிக்கிட்டு நீங்க சும்மா இருந்தியளே, அது எதுக்காக?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சோமனூர் தாண்டும்வரை அவள் கேட்டதையே யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.